மூன்று வாரம் ஆவி படக்கூடாது

இல்மோ சொல்லி அனுப்பியிருக்கிறான்:
மூன்று வாரம் ஆவி படக்கூடாது,
ஏரியில் இறங்கக்கூடாது,
சொறியவே கூடாது.

ஆகவே இந்த வியாழக்கிழமை
தாம்பெரேயின் பொது நீராவிக் குளியலுக்கு வந்தும்
நான் மட்டும் உள்ளே போகவில்லை.
வெளிப்படிக்கட்டில்
கம்பளிக் காலுறையும் கனத்த மேலங்கியுமாக
உட்கார்ந்திருக்கிறேன்,
பந்தி வீட்டில் பத்தியக்காரி மாதிரி.

கதவு திறக்கும்போதெல்லாம்
பிர்ச் இலை வாசனையோடு ஒரு வெண்மேகம்.
மேகத்துக்குள்ளிருந்து
துண்டு கட்டிய ஓவியக்கூடம் ஒன்று இறங்கி வருகிறது.

முதலில் ராய்லி. முதுகு கொள்ளாமல் நாரைகள்,
சூட்டில் சிவந்த தோலில்
இப்போதுதான் கிளம்பியவை போல.
பின்னால் தூமோ, பேருந்து ஓட்டுகிறவன்:
முழங்காலுக்கு ஒன்றாக இரண்டு திசைகாட்டி,
இரண்டுக்கும் வடக்கு வேறு வேறு.
சீர்காவுக்கு விலாவில் ஒரு முள்ளங்கி.

"காட்டு" என்கிறார்கள்.
நலமா இல்லை, குளிர்கிறதா இல்லை.
காட்டு.

இடது கையை உருவுகிறேன்.
மைனஸ் பதினொன்று. மயிர்க்கால் எல்லாம் குத்திட்டு எழ
ஒளி ஊடுருவும் ஒட்டுத்தாளுக்கு அடியில்
மையும் நிணநீரும் கலங்கிய குட்டையில்
மணிக்கட்டு தொடங்கி முழங்கை வரை
ஹவுகி மீன்,
கோரைக்குள் பதுங்கியிருக்கும்போது போலவே
அசையாமல்.

பச்சை என்று சொல்கிறோம், மை என்னவோ கறுப்பு.
பச்சையாக இன்னும் இருபது வருஷம் ஆகும்.
இன்றைக்கு இது வெறும்
பச்சைப்புண்.

வலித்ததா என்று இங்கே யாரும் கேட்பதில்லை.
"கோட்டுக்கு எத்தனை ஊசி?"
"மூன்று."
"நிழலுக்கு?"
"பதினொன்று."
தூமோ சீட்டியடிக்கிறான். செதிலுக்கு மேல்
ஈரவிரலைக் காற்றில் நிறுத்தி, தொடாமல்,
தலையிலிருந்து வால்வரை ஒரு முறை
ஓட்டிப் பார்க்கிறாள் ராய்லி.

தலை துவட்டிக்கொண்டு நின்ற ஒரு மாணவன்,
உடம்பில் ஒரு புள்ளி கூட இல்லாதவன், கேட்டான்:
"இதற்கு என்ன அர்த்தம்?"
செருப்போடு யாரோ நடுக்கூடத்துக்குள் வந்தது போல்
எல்லோரும் அவனைப் பார்த்தோம்.
"மீன்" என்றேன்.

கடைசியாக ஹன்னெஸ் வந்தான்.
பொய்ப்பல் செய்கிற பட்டறையில் வேலை.
மூக்குக்கண்ணாடியின் ஆவியைத் துடைத்து
மீனின் வாயை வெகுநேரம் பார்த்துவிட்டு,
"கீழ்த்தாடையில் ஒரு பல் குறைகிறது."
பிறகு செவுளருகே குனிந்து,
"இங்கே கோடு நடுங்கியிருக்கிறது."

தெரியும்.
நாலாவது மணி நேரம். முழங்கை எலும்பை
ஊசி தொட்ட இடம்.
இயந்திரத்தை நிறுத்திவிட்டு
"என் கைதான், காப்பி அதிகமாகிவிட்டது" என்றான் இல்மோ.
"இல்லை, நான்தான் இழுத்தேன்" என்றேன்.
ஒரு மயிரிழைக் கோணலுக்காக
ரேடியோவில் பனிச்சறுக்குச் செய்தி முடியும்வரை
இரண்டு பேரும் விட்டுக்கொடுக்காமல்
சண்டை போட்டோம்.

இதை நான் சொல்லி முடித்ததும்
சற்றுநேரம் யாரும் பேசவில்லை.
துண்டை இறுக்கிக்கொண்டு ராய்லி எழுந்தாள்.
"என் நாரைகளில் ஒன்றுக்கு
மூன்று கால்."
"எதற்கு?"
"நாலு வருஷமாகப் பார்க்கிறீர்களே, தேடுங்கள்."
சொல்லிவிட்டு உள்ளே போய்விட்டாள்.
முண்டியடித்துக்கொண்டு
அத்தனை பேரும் பின்னாலேயே.
மாணவனும்தான்.

கதவு மூடிக்கொண்டது.
படியில் நான், பக்கத்தில்
தூமோ மறந்து வைத்துப்போன பாதி பியர்,
விளிம்பில் உறையத் தொடங்கியிருக்கிறது.
உள்ளே கல்லில் நீர் விழுந்து சீறுகிறது.
கொஞ்சம் பொறுத்து ஒரு பெருங்கூச்சல், சிரிப்பு.
கண்டுபிடித்துவிட்டார்கள் போலிருக்கிறது.

கை நமநமவென்று அரிக்கிறது.
தாளின்மேல் உள்ளங்கையால் மெல்லத் தட்டுகிறேன்.
தட்டுவது சொறிவதில் சேராது.

அப்படியே விளக்குப் பக்கம் கையைத் திருப்பி
பற்களை எண்ணுகிறேன்.

ஹன்னெஸ் சொன்னது சரிதான்.