பக்கம் 143

புதுமண்டபத்துக் கடைகள்
குன்னத்தூர் சத்திரத்துக்குப் போனபின்
பழைய புத்தகத்துக்கும் படி ஏற வேண்டியிருக்கிறது.
தன்வரலாறுகள் கீழ்த்தட்டில்,
பஞ்சாங்கத்துக்கும் பத்தாம் வகுப்பு கைடுக்கும் நடுவே.
கடைக்காரருக்கு என் வியாதி தெரியும்.
"டாக்டர் ஒண்ணு, ஜட்ஜு ஒண்ணு,
அணை கட்டுனவர் ஒருத்தர். அதுக்கு அட்டை இல்ல,
அறுபது குடுங்க" என்றார்
மீன் விலை சொல்வதைப் போல.

மேலவெளி வீதி இன்சூரன்ஸ் ஆபீசில்
டெத் கிளெய்ம் பிரிவு, இருபத்திரண்டு வருடம்.
பகலெல்லாம் முடிந்த ஆயுள்களைச் சரிபார்த்துவிட்டு
பஸ்ஸிலும் அதையேதான் படிக்கிறேன் என்று
செலின் சிரிப்பாள்.
"நல்லதா ஒரு கதைப்புத்தகம் படியேன்டி."
கதையில் செத்தவர்களுக்கு நாமினி கிடையாது, செலின்.

அணை கட்டியவர் நன்றாகத்தான் எழுதுகிறார்.
மொத்தம் நானூற்றுப் பன்னிரண்டு பக்கம்.
டான்யூப் நதிக்குப் பதினொன்று.
ஒரு மந்திரி இவர் வரைபடத்தில் காபி கொட்டியதற்கு இரண்டு.
உறைபனியில் மதகுத் திருகு இறுகிக்கொண்ட இரவைப்
பல் கிட்டக் கிட்டப் படித்து
விளாங்குடி ஸ்டாப்பைத் தவறவிட்டேன்.

நூற்று நாற்பத்து மூன்றில் மட்டும்
இப்படி இருந்தது:
"பிறகு மதுரையில் ஏழாண்டுகள். குறிப்பிடும்படியாக எதுவும் நடக்கவில்லை."
பக்கத்தைத் திருப்பினால்
ஐயா டெல்லிக்கு ரயில் ஏறிவிட்டார்.

ஏழு வருஷம்.
இவர் குடியிருந்த ஊரில்
ஏழு தடவை அழகர் ஆற்றில் இறங்கியிருக்கிறார்.
நீரியல் படித்த மனுஷன்,
தண்ணீர் இருந்ததா என்றாவது எழுதியிருக்கலாம்.
யாரோ இவர் சட்டையை வெளுத்திருப்பார்கள்.
யாருக்கோ பால் பாக்கி வைத்திருப்பார்.
கோபம் என்று சொல்ல முடியாது.
படிவத்தின் கடைசிக் கட்டத்தில், "குறிப்பு" என்ற இடத்தில்
நாளைக்கு நாற்பது தடவை
"ஏதுமில்லை" எழுதுகிறவள்தான் நானும்.

அப்புறம்தான் பார்த்தேன்.
அந்த வரிக்குப் பக்கத்தில், ஓரத்தில்,
பென்சிலால் அழுத்தி:
பொய்.

ய் மேலிருந்த புள்ளி
தாளைத் துளைத்துப் போய்
மறுபக்கத்து டெல்லியில் ஒரு பொத்தல்.

முதல் ஏட்டில் ஊதா மை.
சு. அங்கயற்கண்ணி, ஞானஒளிவுபுரம், 1979.
வேறெங்கும் ஒரு கோடுகூட இல்லை.
மற்ற நானூற்றுப் பதினொரு பக்கங்களையும்
அவள் நம்பியிருக்க வேண்டும்,
அல்லது படிக்கவே இல்லை.

கடைசியில் பெயரடைவைப் புரட்டினேன்.
அகமதாபாத் மாநாடு, 211.
அடுத்தது
அசாம் வெள்ளம், 198.
ககரத்துக்கும் சகரத்துக்கும் நடுவே
ஙகரம் ஒன்று உண்டென்று
ஒன்றாம் வகுப்பிலேயே சொல்லித் தருகிறார்கள்.
அந்த இரண்டு வரிகளுக்கிடையே
நகம்கூட நுழையவில்லை.

காதலாக இருக்கலாம். கைமாற்றாக இருக்கலாம்.
டைப்பிஸ்ட்டாக இருந்திருப்பாளோ,
அவர் பெயரில் அச்சான ஏதோ ஒரு கட்டுரைக்காக
ஏழு வருஷமும் காலை எட்டரைக்கு
மழைமானியைப் பார்த்துக் குறித்தவளோ.
ஞானஒளிவுபுரத்தில் இறங்கி விசாரித்திருக்கலாம்தான்.
பஸ் அந்த வழியாகத்தான் போகிறது.
இறங்கவில்லை.
யாராவது பதில் சொல்லிவிட்டால் என்ன செய்வது.

இந்த வாரம் ஜட்ஜு.
நாற்பதாம் பக்கத்தில்,
ஊர் ஊராய் மாற்றல் வாங்கிக் குடித்தனம் தூக்கிய கதையின் நடுவே
"என் மனைவி ஒருநாளும் முகம் சுளித்ததில்லை" என்கிறார்.
இப்போதெல்லாம் கைப்பையில் பென்சில் வைத்திருக்கிறேன்.
எடுத்தேன்.
பொய் என்று எழுத அங்கயற்கண்ணியால் முடியும்,
அவள் அங்கே இருந்தாள்.
எனக்கு அந்தக் கொடுப்பினை இல்லை.
ஆரப்பாளையம் சிக்னலில்
வண்டி குலுங்காமல் நின்ற நேரம் பார்த்து
ஒரு கேள்விக்குறி போட்டேன்,
மெலிதாக.
அந்த அம்மா எப்போதாவது இந்தப் பக்கம் வந்தால்
அழித்துக்கொள்ளலாம்.