நாற்பது விநாடி

"பைப்லைன்ல எங்கேயோ கசியுது" என்று
போனில் சத்தமாகச் சொல்லிவிட்டேன்.
டீக்கடையில் நாலு தலைகள் திரும்பின.
"எந்த ஊரு வயல்லம்மா?"
இந்தப் பக்கம் அந்தச் சொல்லுக்கு
எண்ணெய் வாடை உண்டு.

வயல் இல்லைண்ணே, கம்ப்யூட்டர் என்றேன்.
நம்பினார்களா தெரியாது.
பாதி டீயை வைத்துவிட்டு
ஜெராக்ஸ் கடை மாடிக்கு ஓடினேன்.

மன்னார்குடி. தை மாதம். காலை ஏழேகால்.
நூற்றுப் பதினொரு கொள்முதல் நிலையங்களுக்கு
டோக்கன் கொடுக்கும் மென்பொருள் எங்களுடையது.
நேற்றிரவு இரண்டு மணிக்கு, முதல் முறையாக,
பழைய சர்வர்களை இடித்து
புதியவற்றைத் தானே எழுப்பியது ஸ்கிரிப்ட்.
நான் தூங்கிக்கொண்டிருந்தேன்.
தூங்கலாம் என்பதற்காகத்தானே எழுதினோம்.

தாஜுதீன் சொல்லியிருந்தான்:
"இனிமே யாரும் சர்வருக்குள்ள போய் கை வைக்கக் கூடாது.
கோப்பில் இருப்பதுதான் சர்வர்.
கோப்பில் இல்லாதது
இல்லவே இல்லை."

சோதனைகள் எல்லாம் பச்சை.
மேலிருந்து கீழ்வரை பச்சை.
அறுப்புக் காலத்தில் இவ்வளவு பச்சையைப் பார்த்தால்
சந்தேகம் வந்திருக்க வேண்டும் எனக்கு.

நூற்றுப் பத்தில் டோக்கன் வந்தது.
கீழப்பனையூரில் வரவில்லை.
பட்டியல் எழுத்தர் வீரசேகரன் போனில்:
"மேடம், மூட்டையைத் தராசுல வச்சா
சுத்துது, சுத்துது,
அப்புறம் செவப்பா ஒரு வரி.
வெளியில இருபத்தாறு டிராக்டர் நிக்குது.
கெழக்கால கருக்குது."
அவருக்குப் பின்னால்
யாரோ தார்ப்பாய் இழுக்கும் சத்தம்.

பதிவுகளைத் திறந்தேன்.
அந்தத் தராசு பதில் சொல்ல முப்பத்தோரு விநாடி.
மென்பொருள் பொறுப்பது ஐந்து.
அப்படியானால் நேற்று வரை எப்படி ஓடியது?
தாஜுதீனைத் திட்டித் தட்டச்சு செய்யத் தொடங்கி
பாதி வாக்கியத்தில் விரல் நின்றது.

போன தை. இதே தராசு. ராத்திரி மூன்று மணி.
சர்வருக்குள் நுழைந்து
ஐந்தை அழித்து நாற்பது போட்டது
நான்.
காலையில் கோப்பில் எழுதிக்கொள்ளலாம் என்று படுத்தேன்.
அந்தக் காலை வர
ஒரு வருஷம் ஆகியிருக்கிறது.

ஸ்கிரிப்ட் மேல் குற்றமில்லை.
சொல்லாததை அது கட்டவில்லை, அவ்வளவுதான்.

இப்போதும் உள்ளே போய் மாற்றலாம், அரை நிமிஷம்.
இன்றிரவு இரண்டு மணிக்கு மறுபடி இடியும்.
கோப்பில் எழுதினால், சோதனை தாண்டி
கீழப்பனையூர் போய்ச் சேரப் பதினொரு நிமிஷம்.
கை அரை நிமிஷத்தின் பக்கம்தான் போனது.
இழுத்துக்கொண்டேன்.

நாற்பது என்று எழுதி
மேலே ஒரு வரி போட்டேன்:
'குறைக்க வேண்டாம்.
கீழப்பனையூர் தராசு மெதுவாகப் பேசும்.'

பதினொரு நிமிஷம்.
வீரசேகரன் காலண்டர் தாளைக் கிழித்து
அதன் பின்பக்கம் எண் எழுதிக் கொடுத்தாராம்.
ஒன்பதாவது நிமிஷத்தில் தூறல்.
தார்ப்பாய் எட்டாத ஓரத்தில்
ஏழு மூட்டை நனைந்தது.
ஈரம் கூடுதல் என்று மீட்டர் தள்ளிவிட்டது.
யார் நெல் என்று கேட்டேன். சொன்னார்.
அந்தப் பெயருக்குக் கோப்பில் இடமில்லை,
இங்கே எழுதுகிறேன்: தெய்வக்கன்னி.

எட்டு மணிக்குத் தாஜுதீன் கூப்பிட்டான்.
கோபமில்லை. அதுதான் கஷ்டமாக இருந்தது.
"இது மாதிரி வேற எங்கேயாவது
கை வச்சிருக்கியா?"

யோசித்துச் சொல்கிறேன் என்றேன்.

இன்னும் யோசித்துக்கொண்டிருக்கிறேன்.
மணி ஒன்று ஐம்பது.