பள்ளம் பார்த்து நிறுத்துவது

ஃபெக்டரிக்குப் பின்னால்
சாம்பல் கொட்டுகிற இடத்தில்
பதினொரு மழைக்காலம் நின்றது அது.
லேண்ட்ரோவர். ஸ்ரீ நம்பர்.
கிளட்ச் மிதியைச் சுற்றி மேலே வந்த காட்டுக்கொடி
ஸ்டியரிங்கைப் பிடித்திருந்தது,
ஓட்டப் பழகுகிற மாதிரி.

இரும்பு விலைக்குத் தருவதாகக் கிளார்க் சொன்னார்.
குவைத்தில் நான் துடைத்த தரைகளில்
ஒரு வருஷத்துத் தரை
அந்த விலைக்குப் போனது.

மங்களேஸ்வரி, என் நாத்தனார்,
சீ.ஆர். கொப்பி ஒன்று வாங்கினாள்.
முதல் பக்கத்தில் பிள்ளையார் சுழி,
அதன் கீழே எலி.
எலி என்றால், வயரெல்லாம் கடித்து
ஹெட்லைட்டுக்குள் குட்டி போட்ட எலி.
வயர் மூவாயிரத்து நானூறு.
எலிக்குச் செலவில்லை.

ரத்னசிறி பாஸ் ஞாயிறுகளில் வந்தார்,
மஸ்கெலியாவிலிருந்து பஸ், பிறகு நடை.
கூலியில் பாதி காசு, பாதி லீக்ஸ்.
ரேடியேட்டர் ஒழுகியது.
மஞ்சள் இருக்கா என்றார்.
கறிக்கு என்று நினைத்தேன்.
இரண்டு கரண்டி உள்ளே கொட்டி மூடினார்.
மஞ்சள் விலை மலையேறியிருந்த காலம்;
அதை எழுதும்போது மங்களேஸ்வரி
பேனாவை அழுத்தினாள்.
ஒழுக்கு நின்றது.
மூன்று நாளுக்கு
எஞ்சினில் பருப்பு வாசம்.

உடைந்த ஸ்பிரிங் பட்டைக்கு
லொறிப் பட்டையை அறுத்துப் போட்டோம்.
இன்றும் இடப்பக்கம் கொஞ்சம் நிமிர்ந்து
யாரோ கூப்பிட்டதுபோல் நிற்கும்.
சீட், உர பேக்குக்குள் தும்பு.
பெயின்ட், கோயில் வேலையில் மிஞ்சியது.
ஆகவே ஒரு கதவு மயில் கழுத்து,
ஒரு கதவு வள்ளியின் சேலை.
பின்கதவுக்குப் போதவில்லை.
துருவும் ஒரு நிறம்தானே.

பிரேக்குக்கு மட்டும் கடன் வாங்கினேன்.
அதில் கணக்குப் பார்க்காதே என்று
யாரும் சொல்லவில்லை.
எங்கள் ரோட்டைப் பார்த்தால் போதும்.

ஸ்டார்ட்டர் மோட்டாருக்கு வந்தபோது
கொப்பியில் பக்கம் இருந்தது,
காசு இல்லை.
நாற்பத்தெட்டாயிரம்.
பாஸ் எண்ணெய்க் கையைத் துடைத்துக்கொண்டு
மலையைக் காட்டினார்.
இவ்வளவு பெரிய ஸ்டார்ட்டர்
யாரிடம் இருக்கிறது?

அன்றிலிருந்து
பள்ளம் பார்த்தே நிறுத்துகிறேன்.
ஹேண்ட்பிரேக், முன் டயருக்கு ஒரு கல்.
கிளம்பும்போது
கல்லை எடு, கிளட்ச், இரண்டாம் கியர்,
உருளவிடு,
பத்து முழம் காத்திரு,
விடு.
தும்மும். இருமும்.
பிறகு அடுத்த டிவிசன் வரை கேட்கும்.

இந்த மலையை எனக்குத் தெரியும் என்றிருந்தேன்.
கூடையோடு ஏறின மலை வேறு.
தபால் கந்தோர் முன்னால்
ஒரு சாண் சாய்வு இருக்கிறது,
கண்ணுக்குத் தெரியாது, டயருக்குத் தெரியும்.
லீக்ஸ் மூட்டை, கேஸ் சிலிண்டர்,
ஒருமுறை கல்யாணப் பெண்ணும் அவள் அலுமாரியும்,
எல்லாம் சரிவிலிருந்து சரிவுக்கு.

சமதரை இங்கே ஒன்றுதான்: ஸ்கூல் கிரவுண்ட்.
விளையாட்டுப் போட்டிக்கு
ஐஸ்கிரீம் பெட்டி இறக்கப் போய்
மடத்தனமாய் எஞ்சினை நிறுத்தினேன்.
அவ்வளவுதான்.
நூறு மீற்றர் கோட்டுக்குக் குறுக்கே
மயிலும் வள்ளியும்.

தள்ளினார்கள்.
பீ.டி. மாஸ்டர், மூன்று ஹவுஸ் பிள்ளைகள்,
பேண்ட் வாத்தியத்தைக் கீழே வைத்துவிட்டு வந்தவர்கள்,
கடைசியில் கந்தவனம்,
துரை காலத்தில் இதே வண்டியின் ஹோர்ன் கேட்டால்
கானுக்குள் இறங்கி நின்றவர்.
பின்கதவில், பெயின்ட் இல்லாத இடத்தில்
இரண்டு கையையும் வைத்தார்.
மற்றவர்கள்போல் கத்தவில்லை.
வண்டி கிளம்பிப் புகையடித்ததும்
உள்ளங்கையைப் பார்த்தார்,
துரு.
வேட்டியில் துடைத்துக்கொண்டு
ஐஸ்கிரீம் என்ன விலை என்றார்.

இந்த மாசம் சீட்டு விழுந்தது, ஐம்பதாயிரம்.
ஸ்டார்ட்டர் என்றேன்.
மங்களேஸ்வரி கொப்பியைத் திருப்பி வைத்து,
டயர் என்றாள்.
முன் இரண்டும் மொட்டை.

டயர் வாங்கினோம்.
மிச்சம் தொள்ளாயிரம்.
ராத்திரி மழைச் சத்தத்தில் எழும்பி
டோர்ச்சோடு போய்
கல்லைப் பார்த்துவிட்டு வந்தேன்.