திரும்பச் செலுத்தும் வழி

மதிப்பீட்டுப் படிவத்தில் ஒன்பதாம் கலம்:
‘கடனைத் திரும்பச் செலுத்தும் வழி.’
பேருந்து நிலையக் கடை வளாகத்துக்கு
அதை நிரப்ப ஐந்து நிமிடம் ஆனது.
நாற்பத்தாறு கடை, வாடகை, முன்பணம்,
கழிப்பறைக் குத்தகை, வண்டி நிறுத்தக் குத்தகை.
பதினோரு ஆண்டில் அசலும் வட்டியும் அடைந்துவிடும்.

பதினேழாவது வார்டு வடிகாலுக்கு
மதியம் வரை அந்தக் கலத்தையே பார்த்துக்கொண்டிருந்தேன்,
ஃபேன் காற்றில் தாள் படபடக்க.
வடிகால் வாடகை தராது.
சாக்கடைக்கு யாரும் முன்பணம் கட்டுவதில்லை.

சிரசு முடிந்த மறுவாரம் மன்றக் கூட்டம்.
குடியாத்தம் முழுக்க இன்னும் பந்தல் கயிறு தொங்கியது.
மானியம் நாலு கோடி.
வங்கி தருவதாய்ச் சொன்னது ஆறு.
நகராட்சிப் பொது நிதியில்...
கணக்கர் நாவுக்கரசு தொண்டையைச் செருமினார்,
அதுதான் பதில்.

மெஹருன்னிசா எழுந்தார். பதினேழாவது வார்டு.
கையில் மூலை மடங்கிய ஒரு கோடு போட்ட நோட்டு.
“போன ஐப்பசியில ஆத்துத் தண்ணி ஏறின ராத்திரிக்கு
ஆன செலவு, வீட்டு வாரியா” என்று படித்தார்.
தறி மோட்டார் ரீவைண்டிங், ஆயிரத்து எண்ணூறு.
நமுத்துப்போன தீப்பெட்டிப் பட்டை, பதினாலு கட்டு.
அரிசி ஒரு மூட்டை.
ஆஸ்பத்திரிக்கு டிராக்டர் வாடகை எழுநூறு,
பிரசவம், ஆண் குழந்தை.
இருநூற்றுப் பன்னிரண்டு வீடு படித்தார்.
யாரோ ஒருவர் கொட்டாவி விட்டார்.
கூட்டினால்
ஏழு லட்சத்து இருபதாயிரத்து எண்ணூறு.
“வருஷா வருஷம் இதைக் கட்டிக்கிட்டுத்தானே இருக்கோம்.
இது எந்தக் கலத்துல வரும், மேடம்?”

எந்தக் கலத்திலும் வராது.
நீரில்லா ஆறு என்று எங்கள் ஜில்லாவைக் கேலி செய்தவன்
ஐப்பசியில் கவுண்டன்யாவைப் பார்க்காதவன்.
அதை எழுதவும் இடமில்லை.

வளாகம் முதல் கட்டம். வடிகால் இரண்டாம் கட்டம்.
தீர்மானம் நிறைவேறியது.

இரண்டாம் கட்டம் என்பது ஓர் ஊர்.
அங்கே ஏற்கெனவே ஒரு தினசரிச் சந்தை இருக்கிறது,
ஒரு மின்மயானம், ஒரு பூங்கா,
நான் வேலையில் சேர்ந்த வருடம் வரைந்த நடைமேம்பாலம்.
எதன் மீதும் இன்னும் ஒரு காக்கை உட்கார்ந்ததில்லை.

அன்றிரவு மட்டக் கணக்கை மறுபடி பிரித்தேன்.
நாற்பத்தாறு கடைக் கூரையில் விழும் மழை
எங்கே போகும்?
தரைக்குப் பொய் சொல்லத் தெரியாது.
நிலையத்திலிருந்து எல்லாமே
பதினேழைப் பார்த்துத்தான் சரிகிறது.
ஆக, வளாகத்துக்கு ஒரு வெளியேற்றக் கால்வாய் வேண்டும்.
‘இணைப்பு வேலைகள்’, வரிசை எண் இருபத்து மூன்று,
அறுநூற்று நாற்பது மீட்டர், ஆறு வரை.
கூரைத் தண்ணீருக்கு ஓரடி அகலம் போதும்.
மூன்றடி என்று எழுதினேன்.
‘எதிர்கால விரிவாக்கம் கருதி’ என்று எழுதினேன்.

நாவுக்கரசின் விரல் இருபத்து மூன்றில் நின்றது.
“ஓரடி போதாதா?”
“போதும், சார்.”
கையெழுத்துப் போட்டார்.

இன்று காலை தனகோட்டி முளை அடிக்க
நான் டேப்பைப் பிடித்தேன்.
சுண்ணாம்புக் கோடு ஏழு தெருவைத் தொட்டு
ஆற்றில் இறங்கியது.
ஓடை முனையில் இருக்கும் இரண்டு தெரு பள்ளம்,
அதற்கு மட்டம் ஒத்துவரவில்லை.
அதில் ஒன்று மெஹருன்னிசாவின் தெரு.

வெளியே வந்து நின்றார்.
கோடு எங்கே திரும்புகிறது என்று பார்த்தார்.
திரும்பவில்லை.
உள்ளே போய் நோட்டோடு வந்தார்,
மதகுச் சுவரில் வைத்து
வீடு வீடாய் அடித்துக்கொண்டே போனார்.
நான் டேப்பைச் சுருட்டாமல் நின்றேன்.
பிறகு பக்கத்தைத் திருப்பி
மேலே எழுதினார்:
முப்பத்தொரு வீடு.
வீட்டு வாரியா.