நான்கு விரற்கடை

பாம்பன் ஒரே ஊர்தான், கடல்தான் இரண்டு.
வடகடல்காரர்களுக்கு விடிவெள்ளி,
தென்கடல்காரர்கள் எங்களுக்குச் சுக்கான்.
இரண்டு கிளப்புக்கும் ஜெர்சி தைப்பது
சீனிக்காதர் டெய்லர் ஒருவரே;
பாக்கி வைப்பதில் மட்டும் நாங்கள் ஒரே அணி.
தண்டவாளத்தை ஒட்டிக் கிடக்கிற மணலை
மைதானம் என்று சொல்லிக்கொள்கிறோம்.
மேற்கு மூலையில் ஓர் உடைமரம்.
யார் பக்கமும் சேராமல்
வருஷத்துக்கு ஏழெட்டுப் பந்து குடிக்கும்.

தடைக்காலம் அறுபத்தொரு நாள்.
விசைப்படகெல்லாம் கட்டிக் கிடக்க
வட்டிக்கு வாங்கிய அரிசியைத் தின்றுவிட்டு
பூட்ஸ் இல்லாமல் இறங்குவோம்.
திருக்கை முள் ஏறிய கால்,
வின்ச் கம்பி அறுத்த கால்.
மணல் சுடச்சுட
ஆட்டம் தானாகவே வேகமெடுக்கும்.

நான் சுக்கானின் கோல்கீப்பர்.
ஐஸ் பார் தூக்கித் தூக்கி மரத்த கை;
சத்தம் கேட்டால்தான்
பந்தைப் பிடித்தது எனக்கே தெரியும்.
அவர்களுடைய ஒன்பதாம் நம்பர் ரெமிஜியுஸ்,
என் தங்கச்சி ஃபெலிசிட்டாவைக் கட்டியவன்.
கல்யாணப் பந்தியிலேயே சொன்னான்:
"மச்சான், சீதனம் ஒண்ணும் வேணாம்.
வருஷத்துக்கு ஒரு கோல் விடுங்க, போதும்."
ஏழு வருஷம் விடவில்லை.

ஃபைனல் அன்றைக்குக் கச்சான்.
தகரக் கூரையைத் தூக்கி
உள்ளே யாரென்று பார்க்கிற காற்று.
காலையில் போட்ட சுண்ணாம்புக் கோடு
இடைவேளைக்குள் இலங்கைப் பக்கம் போய்விட்டது.
ஒன்றுக்குச் சைபர், நாங்கள் மேலே.
கடைசி நிமிஷம்.
ரெமிஜியுஸ் அடித்தான்.
அடித்தான் என்பதுகூடத் தப்பு, தள்ளிவிட்டான்.
பந்து என் விலாவுக்கடியில் நுழைந்து
உருண்டு
காற்றோடு ஏதோ பேசிக்கொண்டு
நின்றது.
மேலே விழுந்து அமுக்கினேன்.

"கோல்!" என்றது வடகடல்.
"கோடு எங்கடா? காட்டு!" என்றது தென்கடல்.
நடுவர் நம்புவேல் சார்
குனிந்து மணலை அள்ளி
முகர்ந்துகூடப் பார்த்தார்.
பிறகு என்னைக் கேட்டார்: "தாண்டுச்சாப்பா?"
"தாண்டலை சார்."

நான்கு விரற்கடை தாண்டியிருந்தது.

கோப்பை எங்கள் வீட்டு டிவிமேல் ஏறியது.
ஃபெலிசிட்டா அதன்பிறகு எங்கள் படி ஏறவில்லை.
கடைத்தெருவில் எதிர்ப்பட்டால்
மீன்கூடையை இடுப்பு மாற்றிக்கொண்டு போவாள்.

தடை முடிந்து மூன்றாவது நடையில்
அவன் போன படகைப் பிடித்தார்கள்.
எட்டுப் பேர். ஊர்காவற்றுறைக் கோர்ட்டு.
எல்லைக் கோட்டைத் தாண்டினீர்களா என்று கேள்வி.
அந்தக் கோட்டுக்கும் சுண்ணாம்பு கிடையாது.
"தாண்டலைங்கய்யா" என்றானாம்.
குனிந்து பார்க்க அங்கே மணலும் இல்லை.

கலெக்டர் ஆபீஸ் மனுவில்
இரண்டு கிளப்பும் ஒரே தாளில் கையெழுத்திட்டோம்.
எந்தக் கிளப் பெயர் மேலே வருவதென்று
வாசலிலேயே சட்டையைப் பிடித்துக்கொண்டோம்.
போலீஸ்காரர் ஒருவர் பூவா தலையா போட்டார்.
விடிவெள்ளி ஜெயித்தது.

ஆடியில் ஒரு மத்தியானம் ஃபெலிசிட்டா வந்தாள்.
டிவி பக்கம் திரும்பாமல் உட்கார்ந்து
யாழ்ப்பாணச் சிறையிலிருந்து வந்த
கடுதாசியை நீட்டினாள்.
டீசல் பாக்கி யார் யாருக்கு,
சின்னவளுக்குக் காது குத்திவிடாதே, நான் வரட்டும்,
கால் வீக்கம் பரவாயில்லை.
கடைசியில் ஓரத்தில் கோணலாக:
மச்சானைக் கேள். அது கோலா இல்லையா?

அவள் போனபின் பதில் எழுத உட்கார்ந்தேன்.
கோல்தான் என்று ஒரு சொல் போதும்.
வாசித்தால் அவனுக்கு நிம்மதியாகிவிடும்.
அதுதான் பயமாக இருந்தது.
நேரில் வந்து கேள் என்று எழுதி
எச்சில் தொட்டு ஒட்டினேன்.

அடுத்த வருஷத்துக்கு
சுண்ணாம்பு இரண்டு மூட்டை கூடுதலாகச் சொல்லியிருக்கிறேன்.
என் காசுதான். கோல் கோட்டுக்கு மட்டும்.