கட்டைவிரல் அகலம்

மாலை ஆறே கால், பிங்ஹாம்டன்.
ஏழு கணினி மாதிரிகள், ஏழு கோடுகள்.
ஹுட்சிக் எதையும் நம்பவில்லை.

மூவாயிரம் மீட்டர் உயரத்தில்
இளஞ்சூட்டுக் காற்றும் குளிர்காற்றும்
நெருங்கி நெருங்கி
இடைவெளியைப் பிழிகின்றன.
பிழிந்த ஈரம் மேலேறுகிறது;
மைனஸ் பதினைந்தில்
ஆறு கை முளைக்கிறது அதற்கு.

பனிப்பட்டையின் அகலம் முப்பது கிலோமீட்டர்தான்.
எங்கே விழும்?
வரைபடத்தில் கட்டைவிரலை வைத்தான்:
ஒரு மாவட்டமே மறைந்தது.

"எட்டு அங்குலம்" என்று அனுப்பினான்,
எல்லோருக்கும்.

விடியுமுன் நார்விச்சிலிருந்து
பனி வாரும் வண்டியோட்டி லொரெட்டா:
"உங்கள் எட்டு
என் கதவுக் கைப்பிடியைத் தாண்டிவிட்டது."
பின்னால் யாரோ
மண்வெட்டி தேடும் சத்தம்.

அவன் சன்னலுக்கு வெளியே நட்சத்திரங்கள்.
கார் நிறுத்துமிடம்
காய்ந்து கிடந்தது.