கொடியேற்றத்துக்குப் பந்தல் இல்லை

அன்றைய வாசகம்
பலிபீடத்தையும் காணிக்கையையும் பற்றியது.
குருமடத்தில் படித்த நாள்முதல்
கண்ணை மூடிக்கொண்டு பேசிவிடுவேன் அதை:
மன்னியுங்கள், மறந்துவிடுங்கள்,
கடல் பெரியது, மனசை அதைவிடப் பெரிதாக்குங்கள் என்று
பதினோரு நிமிடம்.

பாம்பனில் பூசைக்கு வருகிறவர்கள்
சொல்லிவைத்தாற்போல் இரண்டாகப் பிரிந்து உட்காருவார்கள்.
மின்விசிறி ஓடும் பக்கம் விசைப்படகுக்காரர்கள்.
வாசற்பக்கம், மணல் உதறாத காலோடு, நாட்டுப்படகுக்காரர்கள்.
நடுவில் ஒரு பாய் அகலத்துக்கு வெறுந்தரை.
வந்து மூன்று வருடமாகியும்
அதை நடைபாதை என்றே நினைத்துக்கொண்டிருந்தேன்.

ஒருவருக்கொருவர் சமாதானம் தெரிவியுங்கள் என்றேன்.
கும்பிட்ட கைகள் இந்தப் பக்கம் திரும்பின,
அந்தப் பக்கம் திரும்பின.
கித்தேரி மட்டும் திரும்பவில்லை.
பாசி எடுக்கப் போய்ப் பாறையில் கிழிந்த விரல்களில்
துணி சுற்றியிருந்தாள்.
அவற்றை மடியில் போட்டுக்கொண்டு
நற்கருணைப் பேழையையே பார்த்திருந்தாள்.
அந்தப் பக்கம் மூன்றாம் வரிசையில்
கஸ்மீர் கும்பிட்டபடி நின்றார், நல்ல பிள்ளையாக.

பூசை முடிந்ததும் கதவருகே நிறுத்திக் கேட்டேன்,
கொஞ்சம் கண்டிப்பாகவே:
ஏம்மா, வாசகம் காதில் விழவில்லையா?

"விழுந்துச்சு சாமி.
காணிக்கையைக் கையில வச்சிருக்கிற ஆளுதான
எந்திரிச்சுப் போகணும்னு இருக்கு?
எங்கையில என்ன இருக்கு?
எங்க நாளு அது, நாட்டுப்படகு போற நாளு.
அவுக போட்டு அன்னிக்குக் கடல்லயே கெடக்கக் கூடாது.
பதினாறு கட்டு நண்டு வலை,
வாரிக்கிட்டுப் போயிருச்சு.
குழுக்கடன் தவணை இன்னும் ஓடிக்கிட்டிருக்கு.
அவுக எந்திரிக்கட்டும் சாமி.
நா எங்கயும் போயிடல,
இங்கனதான் உக்காந்திருக்கேன்."

துணி சுற்றிய கையால் சிலுவை போட்டுக்கொண்டு
போய்விட்டாள்.

அறைக்கு வந்து திரும்ப வாசித்தேன்.
கண்ணாடியைத் துடைத்துவிட்டு இன்னொரு முறை.
உண்மைதான். எழுவாயையே மாற்றிப் படித்திருக்கிறேன்.
மனத்தாங்கல் உள்ளவள் வீட்டில் இருக்கிறாள்;
நடக்க வேண்டியவர், அதற்குக் காரணமானவர்.
இருபத்திரண்டு வருடமாக
அடிபட்டவர்களை எழுப்பி எழுப்பி
அடித்தவர்கள் வீட்டுக்கு அனுப்பிக்கொண்டிருந்திருக்கிறேன்.
அவர்களும் போயிருக்கிறார்கள், பாவம்,
சாமி சொன்னாரே என்று.

மேசை இழுப்பறையில்
திருவிழாப் பந்தலுக்கென்று கஸ்மீர் கொடுத்த உறை.
நாற்பதாயிரம். இரண்டு ரப்பர் பேண்டு.
ரசீதும் நானே எழுதியிருந்தேன்,
பெயருக்கு முன்னால் உயர்திரு போட்டு.

ஐஸ் கம்பெனி வாசலில் ஸ்கூட்டரை நிறுத்தியபோது
கச்சான் காற்று அங்கியை முகத்துக்குத் தூக்கியது.
உறையை மீன்பெட்டி ஐஸ்மேல் வைத்தேன்.
இதை இப்போது வாங்கிக்கொள்ள முடியாது,
முதலில் கித்தேரி வீடு என்றேன்.
குரல் நடுங்கியது.
பிரசங்கத்தில் அது நடுங்கியதே இல்லை.

கஸ்மீர் உறையைத் தொடவில்லை.
"சாமி இப்ப எந்தக் கட்சி?" என்று மட்டும் கேட்டார்.
உறையின் அடி நனையத் தொடங்கியிருந்தது.
நான் வந்துவிட்டேன்.

ஆயர் இல்லத்துக்கு மொட்டைக் கடுதாசி போனது.
கமிட்டியில் இரண்டு பேர் விலகினார்கள்.
ஒரு வாரம் எனக்குச் சாப்பாடு இறங்கவில்லை;
தைரியசாலியின் கதை அல்ல இது.

கொடியேற்றத்துக்குப் பந்தல் இல்லை.
நாலு மணி வெயிலில்
துண்டையும் முந்தானையையும் தலையில் போட்டுக்கொண்டு
சனம் தவித்தது.
கோயில் முற்றத்தில் இருப்பது ஒரே பூவரசு.
அதன் நிழலுக்குள்
பக்கம் பார்க்காமல் முண்டியடித்து நின்றார்கள்,
யார் காலை யார் மிதிக்கிறோம் என்று தெரியாமல்.

மறுநாள் காலையில் கித்தேரி வந்தாள்.
"ராத்திரி வாசல்ல யாரோ வலை போட்டுட்டுப் போயிருக்காக சாமி.
புதுசு. எண்ணிப் பாத்தேன்.
ஒம்பது கட்டு."

ஆண்டவருக்கு நன்றி என்று ஆரம்பித்தேன்,
பழக்கதோஷம்.

"ஏழு பாக்கி" என்றாள்.
படியிறங்கி, செருப்பை மாட்டி, திரும்பி நின்று:
"அப்புறம் சாமி,
இருட்டுல வந்தது கணக்குல சேராது.
பகல்ல வரச் சொல்லுங்க."